மல்-லி-க-டா-னி

மும்பை லோக்கல் ரயிலில், மாஹிமில் ஏறிய அக்காவும் தங்கையும் சர்ச்கேட் ஸ்லோ வண்டியின் லேடீஸ் டப்பாவில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தங்கை ஏதோ பெரிய ஹோட்டலின் மெனு கார்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுத்தாள்.

“மல்-லி-க-டா-னி.”

“என்னட்டி மல்லி?”

“ஒரு சூப்போட பேரு, அக்கா. அஞ்சு துண்டாப் பிரிச்சு, ‘டா’வ அழுத்திச் சொல்லணுமாம். இன்னைக்கு டிரெயினர் சார் கேப்பாரு. தப்பாச் சொன்னா டேபிள்ல பரிமாற விடமாட்டாரு. மறுபடியும் கிளாஸ் தொடைக்கணும்.”

“மல்லி போட்ட சூப்பா?”

“மல்லியே கிடையாது. பருப்பு, பூண்டு, நல்லமொளவு.”

அக்கா கார்டை வாங்கி எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். தாதர் வந்து போனது. திடீரென்று டப்பாவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“ஏட்டி, இது மொளவுதண்ணிட்டி! சளி புடிச்சா அம்மா வைப்பால்லா!”

“ச்சீ, சும்மா இரு.”

“வாய்விட்டுச் சொல்லிப் பாரு. மிளகு-தண்ணி. வெள்ளைக்காரன் நம்ம ஆளுககிட்ட கேட்டுட்டு, அவன் காதுல விழுந்தபடி எழுதிட்டான்.”

தங்கை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அரே தேவா! இதக் குடிக்கமாட்டேன்னு எத்தன நாள் அழுதிருக்கேன்!”

சர்ச்கேட்டில் எழுந்து நின்றதும் அவள் மறுபடி “மல்-லி...” என்று ஆரம்பித்தாள். அக்கா அவள் துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

“சார் சொன்ன மாதிரியே சொல்லு. ஆனா பயப்படாத. அவரு அஞ்சு துண்டா வெட்டுறத, நாம மூக்கப் பொத்திக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சவங்க.”