வேத்தாள்

— கதவச் சாத்தும்மா. யாராவது பாத்துறப் போறாங்க.

— பாக்கட்டும் பூரணி. நீ பொறந்த காம்பராதானே இது?

— பொறந்தா ஆச்சா? டயகமத் தோட்டத்துக்குக் கட்டிட்டுப் போனதுமே இந்தத் தோட்டத்துல எம் பேர வெட்டிட்டாங்க. இப்ப நான் வேத்தாளு. வேத்தாளு லயத்து வீட்டுல தங்கினா வெரட்டுறது காவக்காரர் வேல. அந்தக் காவக்காரரு எங்கப்பா.

— வெரட்டட்டும், அதையும் பாத்துருவோம். மொதப் பேறு தாய் வீட்டுலதான். இது எங்க அம்மா காலத்துலேருந்து நடக்குறது.

— வாசல்ல என்னையப் பாத்தாரும்மா. ஒரு வார்த்த இல்ல. கோட்ட மாட்டிட்டு நேரா தொர பங்களாவுக்கு ஏறிப் போயிட்டாரு.

— அவரு எப்பப் பேசினாரு, இப்பப் பேச? கல்யாணமான புதுசுல, மழ வருதுங்கறதக்கூட என்னையப் பாத்து சொல்ல மாட்டாரு, கூரையப் பாத்துத்தான் சொல்லுவாரு.

— சிரிக்காதம்மா. அவரக் கேக்காமக் கட்டிக்கிட்டேன்ல, அந்தக் கோவம். காட்டிக் குடுக்கத்தான் போயிருக்காரு.

— எந்தப் பொண்ணு அப்பனக் கேட்டுக்கிட்டு ஆசப்பட்டா? விடு. சோத்தத் தின்னு.

— பஸ்ஸுல ஒரு சிங்கள அக்கா. முன்னப்பின்ன பாத்ததில்ல. என் வயித்தப் பாத்துட்டு, “வாடி வென்ன”, ஒக்காருன்னு எழுந்து எடம் குடுத்துச்சு. பெத்தவருகிட்ட எடம் இல்ல எனக்கு.

— கவர்மெண்டு மட்டும் என்னவாம்? இங்கயே பொறந்து, இங்கயே தேயிலக் கொழுந்தெடுத்து, நாம அன்னியராம். வோட்டும் இல்லன்னுட்டாங்க. இந்தியாவுக்கே திரும்பிப் போன ஒங்க சித்தப்பாவ அங்க உள்ளவங்க கண்டிக்காரன், சிலோன்காரன்னு ஒதுக்குறாங்களாம். எல்லாருக்கும் நாம யாரோதான்.

— இதோ, உள்ள ஒதைக்குதே, இதுவும் இன்னும் மொகம் தெரியாத ஆளுதான்.

— அது ஒண்ணுதான் வந்தா போகச் சொல்ல முடியாது. பாத்துருவோம்... ஸ்ஸ், செருப்புச் சத்தம். வர்றாரு.

— பேச்சியம்மா, தேத்தண்ணி குடு.

— குடுக்குறேன். மொதல்ல சொல்லுங்க. பங்களாவுல என்ன சொன்னீங்க?

— எங் காம்பராவுல வெளியாளு ஒண்ணு வந்திருக்குன்னேன்.

— அட பாவி மனுசா! நெறமாசக்காரிய, பெத்த மகள!

— மறைக்க முடியாது. இன்னிக்கு இல்லன்னா நாளைக்குத் தெரியும்.

— தொர என்ன சொன்னாரு, அப்பா? எனக்கே சொல்லுங்க.

— மலையில வேல செய்யறவன் வீட்டுக்கு மக பேறுக்கு வந்தா ஒரு மாசம் விடுவாராம். காவக்காரன் வீட்டுக்கு ஆகாதாம். நீயே வச்சுக்கிட்டா மத்தவனை எப்படி வெரட்டுவன்னு கேட்டாரு.

— ஞாயந்தான். நான் கெளம்பறேன். கடைசி பஸ்ஸு இருக்கும்.

— இருடி! ஏங்க, வாயத் தொறங்க. கூரையப் பாக்காதீங்க!

— போறேம்மா. அழாத. அந்த மூட்டைய எடு.

— மூட்டைய வை தாயி. வெடிஞ்சா எனக்குப் பதிலா வீரப்பன் காவலுக்கு நிப்பான். நான் பேர் கூப்புடுற பெரட்டுல மத்த ஆளுங்களோட நின்னு, முள்ளு குத்தி மண்ணக் கெளற மலைக்குப் போறேன்.