அக்கா வைத்த எல்லை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பந்தயக் கார்களின் எஞ்சினுக்கு அளவு வைக்கிறவள் பேருந்தில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறாள் என்று கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். செருப்புத் தைப்பவர்கள் எல்லாம் ஓட்டப் பந்தயத்திலா ஓடுகிறார்கள்?

ஐயா, நீங்கள் எழுதிய விபத்து அறிக்கையைப் படித்தேன். கண்ணியமாக எழுதியிருக்கிறீர்கள். ‘எஞ்சினின் சுற்று எல்லை அறியாமையால் தவறாக வைக்கப்பட்டிருந்தது’ என்ற வரிதான் சரியில்லை. தவறு என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. அறியாமை என்பது உறுத்துகிறது. இந்தப் பட்டறையில் என்னை ராங்கிக்காரி என்றிருக்கிறார்கள், சிடுமூஞ்சி என்றிருக்கிறார்கள். தெரியாதவள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் பம்பு. எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருப்பதால், எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற அதுவும் வேகமாக ஊதும். கார் சிட்டாகப் பறக்கும். ஆனால் உள்ளே இருக்கும் பாகங்கள் கம்பெனி கொடுத்தவைதானே? அந்த ஊதலை அவை ஓரளவு தாங்கும். தாங்க முடியாதது சுற்று. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் இழுபடுகிறது. சுற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஆகவே உள்பாகங்களை மாற்றாத காரில் கம்பெனியின் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு படி கீழே இறக்கி வைப்பதுதான் விவேகம். விபத்தில் சிக்கிய என் தம்பியின் காருக்குக் கம்பெனி வைத்தது நிமிடத்துக்கு ஆறாயிரத்து எண்ணூறு சுற்று. நான் ஆறாயிரத்து ஐந்நூறு வைத்திருந்தேன். எஞ்சின் அந்த எல்லையைத் தொட்டதும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி, மேலே போகவிடாது. அதைத்தான் நாங்கள் ‘கட்’ என்போம்.

இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. போன மாதம்கூட ஒருவர் வந்து நின்றார்.

“அக்கா, இன்னும் ஒரு ஆயிரம் ஏத்தி வைங்கக்கா. மத்தவங்கல்லாம் எட்டாயிரத்துல போறாங்க.”

“மத்தவங்க உள்ள இருக்கறதை எல்லாம் மாத்திட்டுப் போறாங்க. நீ ஷோரூம்ல குடுத்ததை வெச்சுக்கிட்டுப் போகப் போறே. ராடு வெளிய எட்டிப் பார்த்தா எனக்கு போன் பண்ணாதே.”

“உங்க கைல என்னக்கா குறைஞ்சுடப் போகுது?”

“என் கைல ஒண்ணும் குறையாது. உன் கால்தான் குறையும்.”

போய்விட்டார். ஏத்தி வைக்கவில்லை. நான் கவனக்குறைவானவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பியை வளர்த்தது நான்தான். அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடத் தெரியாது. அவனுக்காகக் கல்யாணம் வேண்டாம் என்றேன்; அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அவனுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போனதற்கு நான் பொறுப்பில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பான் என்று உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது வேறு ஆள். காதால் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்க்காதே, கண் ரோட்டில் இருக்கட்டும், கட் விழுந்தால் கியரை மாற்று என்பேன். அப்படியே பழகிவிட்டான். கூட ஓட்டுபவர்கள் கிண்டல் செய்தால், “அக்கா போட்ட எல்லை இருக்கு. அதுக்கு மேல நான் ஏன்டா பார்க்கணும்?” என்பான். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிரும்.

பிறகு, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அந்தப் பெண் வந்தாள். நல்ல பெண். குறை ஒன்றும் கண்ணில் படவில்லை, தேடித்தான் பார்த்தேன். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். தம்பி அவளுடைய சின்னப் படம் ஒன்றைக் காரில் ஒட்டினான். வேறு இடமே இல்லாததுபோல், சுற்று காட்டும் முள்ளின் மேல். அதை ஒட்டாமல் இருந்திருந்தால் அவன் தற்செயலாகவாவது அந்த முள்ளைப் பார்த்திருக்கலாம். இதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை.

ஒரு நாள் இருவரும் பட்டறைக்கே வந்து சொன்னார்கள். வேறு நாட்டுப் பந்தயக் குழு ஒன்று அவனை எடுத்துக்கொள்ளப் போகிறதாம். சனிக்கிழமை ஓட்டிக் காட்டினால் போதுமாம். கல்யாணம் முடித்து அப்படியே கிளம்பிவிடுவார்களாம்.

“நீயும் வந்துடேன்க்கா,” என்றான்.

“வந்து?”

“சும்மா இரு. எத்தனை காலம்தான் எனக்காக உழைப்பே?”

சும்மா இரு என்கிறான், ஐயா. அவன் வெள்ளை மனதோடுதான் சொன்னான். அதனால்தான் எனக்குக் கோபமே வரவில்லை. அன்று மதியம், அவன் காரின் எல்லையை ஏழாயிரத்து எண்ணூறு என்று மாற்றிவைத்தேன்.

எஞ்சின் உடைந்தால் குழு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், தம்பி வீட்டில் இருப்பான். வேறு எந்தத் துவேஷமும் கிடையாது.

சனிக்கிழமை காலையில் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்.

“என்னக்கா, கட் விழ லேட்டாகுது? ரொம்ப மேல போய்க் கத்துதே?”

“பெல்ட்டை இறுக்கியிருக்கேன். அந்தச் சத்தம்தான்.”

“அப்ப ஓகே,” என்றான். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய மனிதர்கள் நாலு பேர் நிற்கும் இடத்தில் அக்காவும் தம்பியும் வாதாடினால் நன்றாகவா இருக்கும்?

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். அந்தத் தடத்தில் அவன் எல்லையைத் தொடுவது ஒரே இடத்தில்தான்: நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், சுவரை ஒட்டிய வளைவுக்குச் சற்று முன்னால். அவன் ஓட்டிய ஒவ்வொரு ஓட்டத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தவள் நான். ராடு முறிந்தால் எஞ்சினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வரும். எண்ணெய் பின் சக்கரங்களுக்கு அடியில் கொட்டும். அந்த வேகத்தில் எண்ணெய்மேல் ஏறிய கார் எந்தப் பக்கம் சறுக்கும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். எஞ்சின் உடையட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன், சுவரை நினைக்கவில்லை என்று சொன்னால், மறுபடியும் அறியாமை என்றுதான் எழுதுவீர்கள். சுவரையும் நினைத்தேன். ‘தெரிந்தே’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அவனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஆனால் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முன்பெல்லாம் வேளைக்குச் சாப்பிட மாட்டான்; இப்போது நேரம் தவறுவதே இல்லை. அந்தப் பெண் தினமும் வருகிறாள். அவளோடு மணிக்கணக்கில் பேசுகிறான். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன், சிரிக்கக்கூடச் செய்கிறான். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். குரலில் குறை எதுவும் இல்லை என்கிறார் டாக்டர். கூடப் பிறந்தவர்களுக்குள் வாய் திறந்து பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

அவன் சாப்பாட்டை மட்டும் வேறு யாரிடமும் விடுவதில்லை. மசித்துக் குழைத்து நானே ஊட்டுகிறேன். கரண்டியை நீட்டினால் வாயைத் திறக்கிறான், கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். கடைசி வாய் வரைக்கும் திறப்பதே இல்லை. சில சமயம் மூடிய கண்ணிலிருந்து நீர்கூட வழியும்.

ருசித்துச் சாப்பிடுகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள், ஐயா.