ஆட்டுக்கு ஒரு பெட்டி

வெர்னா: முனகு. இன்னும் கொஞ்சம் சத்தமா.

டெல்பர்ட்: எந்த இடம் வலிக்குதுன்னே இன்னும் முடிவு பண்ணலையேம்மா...

வெர்னா: யோவ், போன தடவை முதுகு. அதுக்கு முந்தி முட்டி. வேற எதாவது இருக்கா பாரு.

டெல்பர்ட்: பல்லுதான் பாக்கி. அதையும் கழட்டி வச்சுட்டு வந்துட்டேன்.

வெர்னா: வலியெல்லாம் இனிமே செல்லாது. லெக்சிங்டன்லேருந்து புது டாக்டர் வந்திருக்காரு. போதை மாத்திரை முழுங்கி வந்தவன் பொழைச்சு வீட்டுக்குக் கிளம்பும்போதுதான், போதையில மூச்சு அடங்கினவனை எழுப்புற அந்த மூக்குமருந்துப் பெட்டி குடுக்கணுமாம். நோயாளி கைப்பட்டையக் காட்டினாத்தான் அலமாரியே திறக்குது. நர்சு நான் நினைச்சாக்கூட எடுக்க முடியாது.

டெல்பர்ட்: மருந்துக்கடைக்காரன் தினமும் 'நாளைக்கு வரும்'ங்கறான். சந்தையில என் கடையில நான் அப்படிச் சொன்னா செருப்புதான் வரும்.

வெர்னா: அது இருக்கட்டும். ஆடு எப்படி இருக்கு?

டெல்பர்ட்: இருக்கு, இருக்கு. அதே பிடிவாதம்.

வெர்னா: போன தடவை வாங்கிட்டுப் போன பெட்டி?

டெல்பர்ட்: தீந்து போச்சு. இன்னிக்கு ஒண்ணு இல்லாம நான் சந்தைப்பக்கம் போக முடியாது.

வெர்னா: தீந்து... யாருக்கு?

டெல்பர்ட்: அவன்தான்... பழைய துப்பாக்கி விப்பானே... அய்யய்யோ, அம்மா!

வெர்னா: இதோ டாக்டரே வந்துட்டாரு.

டாக்டர்: என்ன ஆச்சு, மிஸ்டர் ஸ்டம்போ?

டெல்பர்ட்: வலி மாத்திரை போட்டுட்டேன், தம்பி. பலமான சரக்கு. விக்க வந்த பழைய கோட்டுப் பையில கெடந்துச்சு.

டாக்டர்: எத்தனை போட்டீங்க?

டெல்பர்ட்: எத்தனை போட்டிருந்தா நல்லது?

டாக்டர்: என்னது?

வெர்னா: மயக்கத்துல உளர்றாரு, டாக்டர்.

டெல்பர்ட்: ஆறு.

டாக்டர்: ஆறா! வெர்னா, படுக்கை தயார் பண்ணுங்க. ராத்திரி பூரா இங்கதான் இருக்கணும்.

டெல்பர்ட்: இருங்க, இருங்க... தங்கினாப் பெட்டி குடுப்பீங்களா?

டாக்டர்: பெட்டி வீட்டுக்குப் போறவங்களுக்கு.

டெல்பர்ட்: அப்ப மூணு.

டாக்டர்: இது என்ன சந்தையா?

டெல்பர்ட்: சரி, நீங்களே ஒரு விலை சொல்லுங்க.

டாக்டர்: மூணுன்னாலும் தங்கித்தான் ஆகணும்!

டெல்பர்ட்: ஒண்ணு. இதுக்குக் கீழ கட்டுப்படியாகாது.

டாக்டர்: ஒண்ணே ஒண்ணுன்னாலும் கொஞ்ச நேரம் மூச்சைப் பாத்துட்டுத்தான்...

டெல்பர்ட்: பாதி! பாதியக் கடிச்சேன், ஒரே கசப்பு, துப்பிட்டேன்.

டாக்டர்: வாயில ஒரு பல்லு கூட இல்ல. எதால கடிச்சீங்க?

டெல்பர்ட்: ...நக்கினேன்.

டாக்டர்: நக்கினீங்க.

டெல்பர்ட்: ஒரே ஒரு நக்கு. கொசுறா.

வெர்னா: நக்கினாலும் கொஞ்சம் உள்ள போயிருக்கும்ல, டாக்டர்?

டாக்டர்: கண்ணு சரியா இருக்கு. நாடி குதிரை மாதிரி ஓடுது. மூச்சுல மட்டும் ஏதோ கரகரப்பு.

டெல்பர்ட்: அது நிலக்கரிச் சுரங்கம் தந்த சீர்வரிசை, தம்பி. அதைக் கணக்குல சேக்காதீங்க.

டாக்டர்: வீட்டுல யார் இருக்காங்க? நினைவு தப்பினா நீங்களே உங்க மூக்குல மருந்து அடிச்சுக்க முடியாது.

டெல்பர்ட்: ஆடு இருக்கு.

டாக்டர்: ...ஆடா?

டெல்பர்ட்: சந்தைக்குப் பின்னால ஓட்டை வேன் ஒண்ணு நிக்குது. அதுலதான் படுத்துக்கும்.

டாக்டர்: ஆடு எப்படிய்யா மருந்து அடிக்கும்?

டெல்பர்ட்: அது எனக்கு அடிக்க வேண்டாம், தம்பி. நான்தான் அதுக்கு...

வெர்னா: டாக்டர்! பக்கத்து அறையில ரொம்ப நேரமாக் கூப்பிடறாங்க!

டாக்டர்: வரேன்... எதுக்கும் பெட்டியக் குடுத்து அனுப்புங்க. எப்படி அடிக்கறதுன்னும் சொல்லிக் குடுங்க. ஆட்டுக்கு இல்ல. மனுஷங்க யாருக்காவது.

வெர்னா: ...போயிட்டாரு. கேட்டுக்க. தலையப் பின்னால சாச்சு...

டெல்பர்ட்: முனைய மூக்குக்குள்ள விட்டு ஒரே அமுக்கு. ஆம்புலன்சுக்குப் போன். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். கொஞ்ச நேரத்துல முழிக்கலன்னா அடுத்த மூக்குல இன்னொண்ணு. ஆள் வர்ற வரைக்கும் விட்டுட்டு நகரக் கூடாது. திட்டினா வாங்கிக்கணும்.

வெர்னா: கடைசியாச் சொன்னது எங்க பாடத்துல இல்லையே.

டெல்பர்ட்: பெட்டியக் குடும்மா.

வெர்னா: இந்தா பெட்டி. இந்தப் பையில கம்பளிக் காலுறை. சோளரொட்டியும் இருக்கு, சூடு ஆறல.

டெல்பர்ட்: ஆட்டுக்கா?

வெர்னா: ஆட்டுக்குத்தான். நீ வழியில தின்னுடாதே. நானே கொண்டாந்து குடுப்பேன்... என்னைக் கண்டா ஓடிடுமே.

டெல்பர்ட்: காலுறைய நான் வாங்கினதாத்தான் சொல்லணும். பேரம் பேசி.

வெர்னா: டெல்பர்ட்... துப்பாக்கி விக்கிறவன் போன வருஷமே செத்துட்டான். அவன் சாவுக்கு நாம ரெண்டு பேரும் போயிருந்தோம்.

டெல்பர்ட்: ...ஆமால்ல.

வெர்னா: அந்தப் பெட்டி யாருக்குத் தீந்துச்சு?

டெல்பர்ட்: சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

வெர்னா: ஆட்டுக்கிட்டயா?

டெல்பர்ட்: ஆட்டுக்கிட்டதான்.

வெர்னா: ...முழிச்சுதா?

டெல்பர்ட்: முழிச்சுது. காலையில ரெண்டு கிண்ணம் பீன்ஸ் சூப்பு குடிச்சுது. உப்பு பத்தலைன்னு சண்டை வேற.

வெர்னா: முழிச்ச உடனே... ஏதாவது சொல்லிச்சா?

டெல்பர்ட்: மொதல்ல எனக்கு ஒரு கெட்ட வார்த்தை. அச்சு அசல் உன் குரல். அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னா.