மஞ்சள் முடிச்சின் எடை

“முடிச்ச அவுக்காமயே உள்ள இருக்கறது தங்கமான்னு சாமிக்கு எப்படி மாமா தெரியும்?” என்று பக்கத்து வீட்டு ருக்மணி ஒருமுறை கேட்டாள். ஏழு வயது. நான் யோசிப்பதைப் பார்த்து, “தெரியலன்னா சொல்லிடு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சிரித்தாள்.

நல்ல கேள்விதான். மத்திகிரியில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்களின் வேண்டுதல் முடிச்சுகளை ஆண்டுதோறும் திருப்பதிக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பவன் நான். மஞ்சள் துணியில் முடிந்ததை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் வேண்டுதல் பலிக்காது.

ஓசூர் தொழிற்சாலையில் உலோக வார்ப்புகளைச் சோதிப்பது என் வேலை. ஒரு பொருளை முதலில் அப்படியே எடை போட்டு, பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால், உடைக்காமலே அது என்னவென்று தெரிந்துவிடும். தண்ணீரில் தங்கம் கொஞ்சமாகத்தான் எடை குறையும். பித்தளை அதைப்போல இரு மடங்கு குறையும். அந்த ஆண்டிலிருந்து எல்லா முடிச்சுகளையும் சோதித்தேன். யாரும் சாமி முன் பொய்யாக நிற்கக் கூடாதே என்ற அக்கறைதான்.

எண்பத்தேழு ஆடியில் ருக்மணிக்குக் காய்ச்சல் வந்தது. அவள் அம்மா முனிலட்சுமி, கணவனை இழந்தவள், ஒரு முடிச்சைக் கொடுத்தாள். “எங்கம்மா போட்ட தங்கக் காசுண்ணா. புள்ள பொழைச்சா போதும்.”

துணியின் எடையைக் கழித்துப் பார்த்தேன். பித்தளை. மூன்று முறை போட்டேன். நனைந்த துணியில் மஞ்சள் வெளுத்திருந்தது. புதிதாகப் பூசி நிழலில் காயவைத்தேன்.

மறுநாள் காலை பிள்ளைக்கு வலிப்பு வந்தது. உடனே பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். தொழிற்சாலை வேனுக்குப் போன் செய்யச் சொல்லி முனிலட்சுமி என்னை அனுப்பினாள். நான் போன் இருந்த கடைவரை போய்த் திரும்பினேன். போனைத் தொடவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டுப் பிள்ளையை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் பிழைக்காது என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் தானாக உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

“என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமாம்மா?”

“வண்டி எப்பண்ணா வரும்?”

“வந்துக்கிட்டே இருக்கும்மா.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடப் பார்த்தாள். பஸ் குலுக்கல் ஆகாது என்று நான்தான் தடுத்தேன். எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை அவளுக்கு அவகாசம் கொடுத்தேன். கையில் விசிறி வைத்துப் பிள்ளைக்கு வீசிக்கொண்டே இருந்தேன். இரண்டு மணிக்கு விசிறி தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் முனிலட்சுமி சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். “எங்கம்மா காசோட ஒரு சிட்டிகை மஞ்ச அரிசி வெச்சு முடிஞ்சேனே. அப்பவும் எம்புள்ளைய எடுத்துக்கிட்டியே சாமி.”

அரிசி. அதை நான் கழிக்கவில்லை.

அன்றே ஒரு சிட்டிகை அரிசியைத் துணியில் முடிந்து தண்ணீரில் எடை போட்டேன். கழித்தேன். முனிலட்சுமி வைத்தது நல்ல தங்கம்.

அதன் பிறகு வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் திறந்து வைக்க எனக்குப் பயம்.

புரட்டாசியில் திருப்பதி போனேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போக, யார் கண்ணிலும் படாமல் அவள் முடிச்சை உண்டியலில் போட்டேன். எடை போடவில்லை. என் கடன் அதோடு தீர்ந்தது.

முனிலட்சுமியிடம் எதையும் சொல்லவில்லை. பாவம், ஏற்கெனவே நொந்திருக்கிறாள்.