பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும் லேப்டாப்

பெருமதிப்பிற்குரிய ஐயா, கரமனை செல்லும் பேருந்தில் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஓர் அண்ணனும் தங்கையும் பேசியதை உள்ளவாறே எழுதுகிறேன். தங்கையின் மடியில் புதிய மடிக்கணினி இருந்தது.

“இந்த லேப்டாப் பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குதுண்ணே.”

“புது பிராசசர்லா! உன் பழைய டெஸ்க்டாப்பைவிட வேகம்னு கடைக்காரன் சொன்னானே?”

“தொடக்கத்துல வேகந்தான். ஆபீஸ் வேலைக்கு நான் வரைஞ்ச கட்டிடத்தோட 3டி படத்தை ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஓட்டிப் பார்த்தேன். சூடானதும் இது தளர்ந்துட்டு. பழசு ஒரே சீரா ஓடி முதல்ல முடிச்சுது, கேட்டியா.”

“பின்னே இதுல தோசை சுட்டுக்கோ. நாளைக்கே திருப்பிக் கொடுத்துருவோம்.”

“வேண்டாம்ணே. டெஸ்க்டாப்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் வேலை பார்க்க முடியுமா? அப்பா கண் முழிக்கச்ச நான் பக்கத்துல இருக்கணும்லா.”

 அண்ணன், “சார்ஜர் எடுத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி மறந்துபோகக் கூடாதென்பதால், இக்கடிதத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.