பித்தளைத் தாம்பாளம்

— மதுரையில இருக்கேன்னுதானடி சொன்ன?

— சொன்னேன்.

— மதுரையில ஒரு லேடி வக்கீல்கிட்ட இன்டர்ன்ஷிப், ஹாஸ்டல் சாப்பாடு வாயில வைக்க வெளங்கலன்னு போட்டோவெல்லாம் அனுப்புன. இன்னைக்கி இந்தக் காரைக்குடி கோர்ட்டுல எங்கப்பா கூண்டுல ஏறி நிக்கிறாக, எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பின்னாடி கேஸ் கட்டத் தூக்கிக்கிட்டு நீ வார. என்னடி இது சுஹானா?

— சத்தியா, அந்த வேப்பமரத்துக்கிட்ட வா. இங்க எல்லாரும் பாக்குறாக.

— பாக்கட்டும். எங்க கேஸ் என்னன்னு தெரியுமா ஒனக்கு?

— தெரியும்.

— சொல்லு. வகுப்புல சார் கேட்டா சொல்லுவேல்ல, அப்படிச் சொல்லு.

— ஏன்டி இப்படி?

— சொல்லுடி.

— கானாடுகாத்தான்ல பூட்டிக் கெடந்த பெரிய வீடு. அதுக்குப் பின்னாடி ஒங்க குடும்பம் ஒங்க அய்யா காலத்துலருந்து இருக்கு. வீட்டுக்கார ஆச்சி செத்த பெறகு அவுக மகன்க அத ஹோட்டலுக்கு வித்துட்டாக. ஒங்கள வெளியேறச் சொல்லிக் கேஸ். சொந்தக்காரவுக திரும்பிப் பாக்காத எடம், யாரு தயவுலயும் இல்லாம எங்களோடதுன்னு காலங்காலமா இருந்தோம், பாத்தியம் எங்களுக்குன்னு நீங்க சொல்றீக. காவக்காரனா இருந்தோம்னு ஆயிட்டா பாத்தியம் கேக்க முடியாது.

— முடியாதுல்ல? இன்னைக்கி எங்கப்பா வாயாலயே அது வந்துருச்சு. ஒத்தக் கேள்வியில.

— நானும் அங்கதான இருந்தேன்.

— கேளுடி. ஆச்சிகிட்ட சாவியக் குடுத்தீகளான்னு ஒங்க வக்கீலு கேட்டிருந்தா, எங்கப்பா கொஞ்சம் யோசிச்சிருப்பாக. அப்படிக் கேக்கல. ஆச்சி வெளக்கேத்த வந்தன்னைக்கி சாவிய எந்தத் தட்டுல வச்சுக் குடுத்தீகன்னு கேட்டாரு. அப்பா பட்டுன்னு, ‘பித்தளைத் தாம்பாளத்துலங்கய்யா’ன்னுட்டாக. அதோட விட்டாகளா? ஆச்சி சாவியத் தொட்டுத் திருப்பிக் குடுத்தது, பாத்துக்க மலையாண்டின்னு சொன்னது, வேட்டி துண்டு வச்சுக் குடுத்தது, எல்லாத்தையும் சந்தோசமாச் சொன்னாக. எங்க வக்கீல் தலையில கைய வச்சுக்கிட்டாரு.

— நெசமா எனக்கும் கஷ்டமா இருந்துச்சு.

— ஆச்சி தனியா வந்துட்டுப் போனது அவுக மகன்களுக்கே தெரியாது. ஆச்சியும் போய்ச் சேந்தாச்சு. பெறகு அந்த வக்கீலுக்கு யாரு சொன்னா?

— நாந்தான்.

— இல்லன்னு ஒரு வார்த்தையாச்சும் சொல்லுவன்னு நெனச்சேன்டி.

— ஒன்கிட்ட எப்படி இல்லன்னு சொல்ல? ரெண்டு மாசமா அந்த ஆபீஸ்ல கட்டு தூக்குறேன், ஜெராக்ஸ் எடுக்குறேன், டீ வாங்கியாறேன். என் பேருகூட அவருக்குத் தெரியாது. எங்க குடும்பத்துல வக்கீல்னு யாரு இருக்கா? எங்க அத்தா சவுதியில வண்டி ஓட்டுறாக. நாளைக்கி எனக்கு யாரு சீனியர்? போன வாரம் எல்லாரையும் ஒக்கார வச்சு, இந்தச் சாட்சிகிட்ட என்ன கேக்கலாம்னு கேட்டாரு. சொன்னேன். அன்னைக்கித்தான் ஒம் பேரென்னம்மான்னு கேட்டாரு.

— கட்டுல எங்கப்பா பேரு இருந்துச்சுல்ல? கானாடுகாத்தான்னு இருந்துச்சுல்ல?

— இருந்துச்சு.

— எங்க வீட்டுல எத்தன தடவ சோறு தின்னிருக்க நீ? எங்கப்பா ஒனக்குன்னு பனங்கெழங்கு அவிச்சுக் குடுத்துவிடுவாகளே. அத நெனச்சுக்கூடப் பாக்கலயா?

— பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன். அதுக்கு என்னய நீ செருப்பாலகூட அடி, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு மட்டும் நீ கேக்கவே இல்ல பாரு.

— என்ன?

— எனக்கு அது எப்படித் தெரியும்னு.

— எப்படின்னா?

— போன செமஸ்டர், குறுக்கு விசாரணைப் போட்டி. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல ஒனக்கு வீட்டுக்காரர் பக்கம் விழுந்துச்சு. நான் காவக்காரரா நடிச்சேன். சார் குடுத்த கதையில ஒரு பூட்டுன வீடு, ஒரு காவக்காரரு, அம்புட்டுத்தான். சாவியும் தட்டும் நீ கொண்டுவந்தது.

— அது சும்மா கற்பனைன்னு சொன்னேன்ல.

— சொன்ன. சாவிய எந்தத் தட்டுல வச்சுக் குடுத்தீகன்னு நீ கேட்ட. நான் முழிச்சுட்டு, தட்டு ஞாபகம் இல்லைங்கன்னேன். ‘அப்பச் சாவி குடுத்தது ஞாபகம் இருக்கு’ன்னு சொல்லிட்டு நீ ஒக்காந்த பாரு, வகுப்பே கை தட்டுச்சு. ஜட்ஜா வந்தவரு ஒன்னய எழுப்பி நிக்க வச்சுப் பாராட்டுனாரு. அந்தக் கேள்விய நான் எங்க போய் யோசிக்க? ஒன்கிட்டருந்து எடுத்ததுதான்.

— ஜெயிக்கணும்னு ஒரு வேகத்துல கேட்டுட்டேன்டி.

— எனக்கும் அதே வேகந்தான் சத்தியா. கட்சிக்காரர் நம்பிச் சொன்னத வக்கீல் சாகுற வரைக்கும் வெளிய விடக் கூடாதுன்னு ஒரே பெஞ்சுல ஒக்காந்துதான் படிச்சோம்.

— எங்கப்பா எனக்குக் கட்சிக்காரர் இல்லடி. அப்பா.

— ஒங்கப்பா வாராக பாரு. கண்ணத் தொடச்சுக்க.

— ஏன் தாயி வெயில்ல நிக்கிறீக? அட, சுஹானாவா. கூண்டுல நிக்கயில ஒன்னயப் பாத்தேன் தாயி. அம்புட்டுக் கருப்புக் கோட்டுக்கு மத்தியில நம்ம புள்ள ஒண்ணு ஒக்காந்திருக்குன்னு கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. அத்தா ஊருக்கு வந்துட்டாகளா?

— இன்னும் வரல மாமா.

— சாப்டீகளாப்பா?

— எங்குட்டுச் சாப்புட? இனி சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மலையாண்டின்னுட்டாரு வக்கீலு. நான் பொய் சொல்லியிருக்கணுமா ஆத்தா?

— இல்லப்பா.

— தட்டுன்னு கேட்டதும் அந்தத் தாம்பாளந்தான் கண்ணு முன்னால வந்துச்சு. ஆச்சி கையி நடுங்குனதுகூட வந்துச்சு. அப்புறம் எங்க நிப்பாட்ட?

— விடுங்கப்பா. வாங்க, வீட்டுக்குப் போவோம்.

— எந்த வீட்டுக்கு? ஒக்காரு. அது தெரிஞ்சது எனக்கு, அன்னைக்கி பக்கத்துல நின்ன ஒன் சித்தப்பன் செம்மலைக்கு, அப்புறம் ஒனக்கு. ஒங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. எதையும் மறைக்காமச் சொல்லுங்கப்பா, அப்பத்தான் கேஸ காப்பாத்த முடியும்னு நீ கேட்டதால ஒன்கிட்டச் சொன்னேன்.

— அப்பா...

— செம்மலைதான். ஹோட்டல்காரன் அவன் மகனுக்கு வேலை போட்டுக் குடுத்தப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. இப்ப கோர்ட்டு வாசல்ல வச்சுக் கேட்டேன். அண்ணே, எம் புள்ளைக மேல சத்தியம், நான் வாயே தொறக்கலண்ணேங்கிறான். நாலு பேரு பாக்கக் கையை ஓங்கிட்டேன் தாயி.

— சித்தப்பாவையா?

— இனி எம் மூஞ்சியில முழிக்காதன்னுட்டேன். நான் செத்தாக்கூட கொள்ளி வைக்க வராதன்னுட்டேன். அவன் அந்தா, சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட குத்தவச்சு அழுதுக்கிட்டிருக்கான்.

— மாமா, நான் ஒண்ணு சொல்லணும்.

— நீ சும்மா இருடி.

— இருத்தா, அந்தப் புள்ள என்னமோ சொல்ல வருதுல்ல.

— அவ ஒண்ணும் சொல்ல வரலப்பா.

— அப்ப நீ சொல்லு. ஆத்திரத்துல பேசிட்டேனே தவிர மனசு கேக்க மாட்டேங்குது. ஒன்னய இந்தப் படிப்புல சேக்க என்னோட அலைஞ்சவன் அவன். எம் மக வக்கீலுக்குப் படிக்கிறான்னு என்னயவிட ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். அவனா இருக்காதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, இப்பவே போய் கையப் புடிச்சுக் கூட்டியாறேன்.

— சத்தியா, சொல்லுடி.

— சொல்லு ஆத்தா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— சித்தப்பாவத் தவிர வேற யாருப்பா சொல்லியிருக்கப் போறாக?