நிழல் என் பக்கம் இருந்தது

இந்தப் பாலைவன மேசா நகரத்தில், வலைக்கு இருபுறமும் நின்று மட்டையும் பிளாஸ்டிக் பந்துமாக ஆடும் பிக்கிள்பாலுக்கு நல்ல இடம் எது என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள் தம்பி, கொஞ்சம் சுற்றி வளைத்து. "அப்படி ஒரு இடம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள். எனக்கு எல்லா இடமும் தெரியும். மின்னசோட்டாவில் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே வந்த நாளாக எனக்கு வேறு என்ன வேலை. அந்தக் கோட்டைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். ஜூலை மாதத்தில் இந்த ஊரில் கோட்டு போடுகிறவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

நல்ல இடம் என்றால் மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்கள் தெரியுமா? தரை புதிதா, வலை இறுக்கமா, கார் நிறுத்த வசதி உண்டா. பாலைவனத்துக்குக் குடி வந்துவிட்டு வலையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள், புத்திசாலிகள். காலையில் எந்தச் சுவரின் நிழல் எது வரைக்கும் விழும், குடிதண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டியது அவ்வளவுதான். அது தெரியாதவர்கள் ஏப்ரலில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட வேண்டும். முக்கால்வாசிப் பேர் போய்விடுகிறார்கள். வெண்டல் கிராட்ஸ் போகவில்லை.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஐலீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐலீன் ஸ்ட்ராண்ட் என் பக்கத்து வீட்டுக்காரி. என்னைப் போலவே கணவனை இழந்தவள். கை கொஞ்சம் நடுங்கும். ஆனால் வலைக்கு அருகே நின்றுகொண்டு பந்தை அவள் மெல்லத் தட்டிவிட்டால் எதிராளி குனிவதற்குள் அது இரண்டு முறை குதித்திருக்கும். எங்கள் குடியிருப்பில் நான்கு களங்கள். வேலியோரம் மட்டைகளை வைக்க ஒரு மரச்சட்டம். மட்டையை வரிசையில் வைத்துவிட்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு மட்டைகள் ஒட்டினாற்போல் இருந்தால் அந்த இருவரும் ஜோடி என்று அர்த்தம். அடுத்தவர் மட்டையை யாரும் நகர்த்துவதில்லை. அடுத்தவர் புருஷனைக்கூட இங்கே சிலர் நகர்த்தியிருக்கிறார்கள், மட்டையை இல்லை. என் மட்டைக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக ஐலீனின் மட்டைதான் இருந்தது.

கோடை வந்தால் நாங்கள் இருவரும் கிழக்கே ஒரு சின்ன தேவாலயத்துக்குப் பின்னால் போய் ஆடுவோம். பழைய களம்தான், கோடுகள் மங்கிப்போனவை. ஆனால் மதில் உயரம். ஊரே வெந்துகொண்டிருக்கும்போது அங்கே நிழல் படுத்துக் கிடக்கும். குழாயில் ஜில்லென்று தண்ணீர் வரும். போதகர் எங்களிடம் ஒரு சாவியே கொடுத்து வைத்திருந்தார்.

வெண்டல் சியாட்டிலிலிருந்து வந்தவன். இதயத் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம், நனைத்தால் குளிரும் துண்டு, இரண்டு கைக்கும் உறை. பந்தை அடிக்க மட்டும் தெரியாது. ஊரிலுள்ள களங்களுக்கெல்லாம் நட்சத்திர மதிப்பெண் போட்டுப் படத்தோடு இணையத்தில் ஏற்றுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. எல்லாரும் என்னை சிஸ்டர் என்பதைப் பார்த்து அவனும் அப்படியே கூப்பிட்டான். வந்த வாரமே தன் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டான். உடம்பிலுள்ள நீரையெல்லாம் வெளியேற்றுகிற மாத்திரை. நர்ஸைக் கண்டால் எல்லாருக்கும் வருகிற வியாதி அது.

தேவாலயத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னவள் ஐலீன்.

"பாவம்டி, தனியாளா இருக்கான். ஒரு நாள் வந்துட்டுப் போகட்டுமே."

"அவன் வாய் சும்மா இருக்காது, ஐலீன்."

"நீ ஒருத்தி. நிழலுக்கும் பூட்டு போடுவ போல."

வந்தான். ஐந்து நட்சத்திரம் போட்டான். குழாயைக்கூடப் படம் எடுத்து ஏற்றினான். அடுத்த வாரம் அங்கே ஒரு படையே நின்றது. புல்வெளியில் கார், பூச்செடியில் காகிதக் கோப்பை. போதகர் வலையைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு எங்களிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நான் வெண்டலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். "நல்லது நாலு பேருக்குத் தெரியணுமில்ல, சிஸ்டர்."

நிழல் போனதுதான் எனக்கு வருத்தம். ஐலீனுக்கு வெயில் ஆகாது, இனி அவள் கோடை முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடப்பாளே என்ற கவலை. நான் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் அடைந்து கிடக்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். வெண்டல் அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஏசி போட்ட உள்ளரங்கத்துக்குப் போக ஆரம்பித்தான். "நீயும் வாயேன்டி, மார்லிஸ். சொகுசா இருக்கு. வெண்டல் சிரிக்க வெச்சே கொல்றான்" என்றாள். கூரைக்குக் கீழே ஆடுவது ஆட்டமா? நான் போகவில்லை. ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை எங்கள் குடியிருப்புக் களத்துக்குப் போனேன். மரச்சட்டத்தில் ஐலீனின் மட்டையும் வெண்டலின் மட்டையும் ஒட்டிக்கொண்டு இருந்தன. என் மட்டையைக் கடைசியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிறகு ஒருநாள் நானே வெண்டலிடம் சொன்னேன். கால்வாய்க்கு அப்பால், குளிர்காலத்தில் வண்டிவீடுகள் வந்து தங்கும், இப்போது மூடிக் கிடக்கும் வேன் முகாமில் ஒரு களம் இருக்கிறது, ஊரிலேயே நல்ல இடம், யாருக்கும் தெரியாது என்று. பொய் இல்லை. ஜனவரியில் அதை மிஞ்ச இடம் கிடையாது. அவன் முகம் குழந்தையின் முகம்போல மலர்ந்தது. "முதல் நட்சத்திரம் உங்க பேர்ல, சிஸ்டர்" என்றான்.

தண்ணீரெல்லாம் நான் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் காரிலேயே போனோம். போகும்போது அவன் வாய் ஓயவில்லை. நான் கிளம்புவதற்கு முன்பே வயிறு கொள்ளும் மட்டும் தண்ணீர் குடித்து, சட்டையையும் தொப்பியையும் நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் சேர்ந்தபோது சூரியன் நன்றாக ஏறிவிட்டது. அங்கே ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி கோபுரம் உண்டு, உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதன் நிழல் களத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழும். அந்தப் பக்கம் நான் நின்றேன். இடையில் பக்கம் மாற வேண்டாம், உங்களுக்கு வெயில் முதுகில் இருக்கட்டும், கண் கூசாது என்றேன். நன்றி சொன்னான். நான் வலையருகே ஒன்று, பின்கோட்டில் ஒன்று என்று பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவன் ஓடிக்கொண்டே இருந்தான்.

ஒரு புள்ளி முடிந்ததும் தண்ணீர் கேட்டான்.

"அடடா, வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன் போலிருக்கே, வெண்டல்."

"பரவால்ல சிஸ்டர். இன்னும் ரெண்டு ஆட்டம் தாங்கும்."

இந்த ஊர் வெயிலில் பந்து களியாகிவிடும், குதிக்காது. அதனால் நான் பந்துகளை ஐஸ் பெட்டியில் போட்டு வைப்பேன். எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் இது தெரியும். அன்றும் அவ்வப்போது பழைய பந்தை மாற்றிப் புதுப் பந்து போட்டேன். ஒன்றை எடுத்து அவன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். "ஜில்லுன்னு இருக்கு, சிஸ்டர்" என்றான். அப்போதாவது யோசித்திருக்கலாம். ஊருக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறவனுக்குத் தன் கையிலிருந்த பந்து எங்கிருந்து ஜில்லென்று வந்தது என்று தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கையை நீட்டிக் காட்டினான். "இதையா வெயில்னு பயமுறுத்துறீங்க? பாருங்க, வேர்வையே இல்ல." புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. காய்ந்த காற்றில் வேர்வை வந்ததும் உலர்ந்துவிடும், அதனால் வேர்க்கவில்லை என்று நினைப்பார்கள். ஆனால் அவனுக்கு நிஜமாகவே வேர்வை நின்றுவிட்டிருந்தது. கழுத்து கருஞ்சிவப்பு. பேச்சு லேசாகக் குழறியது. அந்த நிலையில் எத்தனை பேரை நான் பார்த்திருப்பேன்.

"உடம்பு ஊருக்குப் பழகிடுச்சு, வெண்டல்" என்றேன். "நல்ல அறிகுறி. சர்வீஸ் போடுங்க."

போட்டான். பந்து வலையில் விழுந்தது. பிறகு அவனும் விழுந்தான்.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், பழக்கதோஷம். தோல் அடுப்புமேல் வைத்த கல்லாகக் கொதித்தது. செய்ய வேண்டியது எனக்கு அத்துப்படி. அக்குளில், கழுத்தில், தொடையிடுக்கில் ஐஸ் வைக்க வேண்டும். கார் வரைக்கும் நடந்தேன். டிக்கியைத் திறந்தேன். பந்துகள் களியாகிவிடக் கூடாதே என்று ஐஸில் வைத்து மூடினேன். நிழலில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கூப்பிடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஐலீன் மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தாள்.

"பந்து எடுத்துட்டுப் போனியா?"

"பந்து இல்லாம எப்படி ஆடறது?"

"அப்ப ஐஸ் பெட்டி கார்லதான் இருந்திருக்கு." அவள் வாசல் பக்கம் ஒரு அடி நகர்ந்தாள். "அவன் தண்ணி கேட்டானா, மார்லிஸ்?"

கேட்டான் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. துக்கத்தில் செய்துவிட்டாள்.

ஆமாம் தம்பி, நான்தான் கொன்றேன். இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள் என்றுதான் புரியவில்லை.

இன்று காலை நீங்கள் என்னைக் கூட்டிப்போக வந்தபோது மட்டையைச் சட்டத்தில் வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். நீங்களும் கூடவே வந்தீர்கள். ஐலீனின் மட்டைக்குப் பக்கத்தில் என் மட்டையை ஒட்டி வைத்தேன். அவள் பெஞ்சியிலிருந்து எழுந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தன் மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நீங்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவளுக்கு வெயில் ஆகாது, சொன்னேனே. இனி அவளுக்கு ஜோடி நான் மட்டும்தான். என் மட்டைக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும், வந்து வைப்பாள்.